பட்டியலில் இல்லாத முதல் பெயர்

மலைகளை நிறுத்தியதோடு அவற்றின் இறக்கங்களையும் அளந்து வைத்தவரும், மனிதன் மறைத்ததையும் மறந்ததையும் ஒரே வெளிச்சத்தில் காண்கிறவருமாகிய பரம பிதாவுக்கு முதல் வணக்கம். எழுதுகிற என் கை நடுங்காமலும் வாசிக்கிற உன் மனம் கசந்துபோகாமலும் அவருடைய கிருபை காப்பதாக.

அன்பு மகனே,

செவ்வாய்க்கிழமை காலை நீ தொலைபேசியில் பேசி முடித்தபின் உன் அம்மா இரண்டு முறை காப்பியைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு முறையும் அது ஆறிப்போயிற்று. உன் குரலில் அப்படியொரு மூச்சுமுட்டலை நான் இதற்குமுன் கேட்டதில்லை. உன் திருமணத்திற்கு முந்தின வாரம் கேட்டதில்லை. ஏலப்பாறையை விட்டு வடகரப்பதிக்குக் குடிபோன நாளிலும் கேட்டதில்லை. பகலெல்லாம் பால் சங்கத்தில் வேலை, மாலையில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து அணிக்கு மேனேஜர் என்று நீ மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்ட வாழ்க்கை, இப்போது நாலு பக்கமும் சுவர் எழுப்பி உன்னை நடுவில் நிறுத்தியிருக்கிறது. என் கடிதங்களை வாசிக்க அகராதி வேண்டும் என்று நீ கேலி செய்வாய். பொறுத்துக்கொள். வேதத்தையும் பழஞ்செய்யுளையும் ஐம்பது ஆண்டு வாயால் மென்றவனுக்கு வேறு நடை வராது. ஆனால் இந்தக் கடிதத்தில் சொல்லப்போவது அகராதி தேவைப்படாத ஒரு குற்றம்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. சனிக்கிழமைக்குள் நீ ஆட்டக்காரர் பட்டியலைக் கொடுக்க வேண்டும். உன் கேப்டன் ஐந்து பருவங்களாக அந்த அணியின் முகம்; அவர் குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டினாலே கேலரி எழுந்து நிற்கிறது. ஆனால் இந்தப் பருவத்தில் இடைவேளைக்குப் பின் அவருடைய கால் நின்றுவிடுகிறது. "பந்து போன பொறகுதான்ப்பா அவர் திரும்புறாரு" என்றாய். மூன்று ஆட்டங்களைக் கோல்கீப்பர் ஒருவர்தான் காப்பாற்றினார் என்றாய். அவரை இறக்கினால் தோற்போம் என்று உன் கண் சொல்கிறது. அவரை உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதை உன் கமிட்டித் தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஏனுங்க தம்பி, சனம் நம்ம டீமப் பாக்க வருதுன்னா நெனச்சீங்க? அவனப் பாக்க வருதுங்க. அவன உக்கார வெச்சுப்போட்டுத் தோத்தீங்கன்னா, ஊட்டுக்குப் போற பஸ்ஸ நீங்களே பாத்துக்கோணுமுங்க." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார் என்று நீ சொன்னாய். சிரித்துக்கொண்டு சொல்லப்படும் எச்சரிக்கையில்தான் பொய் குறைவு.

தோற்றால் உன் தலை போகும். வென்றாலோ, அவர் ஆடியிருந்தால் இன்னும் இரண்டு கோல் விழுந்திருக்கும் என்பார்கள். அணியில் இரண்டு பேர் அவருடைய மைத்துனர்கள். அவர்கள் அன்றைக்குப் பந்தை உதைப்பார்களா, உன் முகத்தைப் பார்ப்பார்களா என்று உனக்குத் தெரியாது. பட்டியலில் தம் பெயர் இல்லையென்று கண்டால், அடுத்த பருவத்தில் அவர் எதிரணியின் சட்டையில் வந்து நிற்கவும் கூடும். இவை எல்லாவற்றையும்விடக் கனமான ஒன்றை நீ கடைசியில், குரலைத் தாழ்த்திச் சொன்னாய். உன்னை மேனேஜராக்கியதே அவர்தான். மலைமேலிருந்து வந்த ஆள், இந்த ஊரில் யாருக்குத் தெரியும் என்று கமிட்டி தயங்கியபோது, "எனக்குத் தெரியும்" என்று சொன்னவர் அவர். உன்னை உள்ளே விட்ட கதவை நீயே அவர் முகத்தில் சாத்த வேண்டியிருக்கிறது. இப்படியொரு இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தோள் சுவரில் உரசத்தான் செய்யும். வழி இருக்கிறது என்று உன்னை ஏமாற்ற மாட்டேன்.

இருந்தும், நான் இதை எழுத உட்கார்ந்தது அந்தச் சிக்கலுக்காக அல்ல. போனை வைக்கும்முன் நீ போகிறபோக்கில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக. "லிஸ்ட்ட வாட்ஸப் குரூப்புல போட்டுட்டு, போன ஆஃப் பண்ணிடலாம்னு இருக்கேன்ப்பா." அதைக் கேட்டதும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாக்கியம் என்னுடையது, மகனே. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், போனும் குரூப்பும் இல்லாத காலத்தில், நான் அதைச் செய்து முடித்திருக்கிறேன்.

நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் எஸ்டேட் கோப்பைப் படத்தை நீ உன் நண்பர்களுக்கெல்லாம் காட்டுவாய்: அப்பா டீம் மேனேஜராக இருந்து வென்ற கோப்பை என்று. அந்த ஆண்டு நீ விடுதியில் படித்துக்கொண்டிருந்தாய். படம் மட்டும் உனக்குத் தெரியும். படத்தில் இல்லாதவனைத் தெரியாது. அவன் பெயர் பொன்ராஜ். எங்கள் எஸ்டேட் அணியின் கேப்டன், அப்போது இருபத்து நாலு வயது. தேயிலைத் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். அவன் அங்கே உலர்த்தும் பிரிவில் வேலை செய்தான். அவனைவிட மூத்த ஆட்களெல்லாம் மலைச்சரிவில் வெயிலிலும் மழையிலும் மருந்து அடித்துக்கொண்டிருக்க, அவனுக்குக் கூரையின் கீழ் வேலை கிடைத்ததற்குக் காரணம் அவனுடைய கால்கள். எஸ்டேட் நிர்வாகியான துரை கால்பந்துப் பைத்தியம். "விளையாடுற வரைக்கும் அவன் ஃபாக்டரியில இருக்கட்டும்" என்பது அவருடைய உத்தரவு. அந்த உத்தரவின் மறுபக்கம் எழுதப்படவில்லையே தவிர, தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவன் என்னை அண்ணாச்சி என்றும் உன் அம்மாவை மதினி என்றும் அழைப்பான். அவனுடைய தாய் ஞானப்பூ கொழுந்து எடுப்பவர், விதவை.

அரையிறுதியில் அவனுக்கு முழங்காலில் அடிபட்டது. ஒன்றுமில்லை என்று எழுந்து ஓடினான். அந்த வாரம் முழுக்கப் பயிற்சியிலும் ஓடினான். மைதானம் சமதளம், அதில் எதுவும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து தொழிற்சாலையிலிருந்து அவன் லயத்துக்கு இறங்குவதை நான் மேலே நின்று பார்த்தேன். நம் மலையில் பிறந்தவன் இறக்கத்தில் நேராகக் கால் வைப்பான். அவன் நண்டைப்போலப் பக்கவாட்டில், தேயிலைச் செடியை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு இறங்கினான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்த இடத்தில் நின்று முட்டியைத் தேய்த்தான். ஏறும்போது மறைக்கலாம், சமதளத்தில் மறைக்கலாம், இறங்கும்போது முழங்கால் பொய் சொல்லாது. அவனை ஃபைனலில் இறக்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அந்த முடிவு சரி. இன்றும் சரி.

முடிவு செய்த மறுகணமே சுவர்கள் எழுந்தன. அவனைப் பட்டியலிலிருந்து எடுத்தால் துரை என்னைக் கேட்பார். அவனுடைய கூரை வேலை போகும். அவனுடைய சித்தப்பாவை எதிர்த்து நான் சபைத் தேர்தலில் நின்று செயலரானது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பகையை வைத்துக் காலை வாரிவிட்டான் என்பார்கள். இறக்கினால் அவனுடைய கால் நிரந்தரமாகப் போகும், கோப்பையும் போகும். இவற்றில் எதை நான் அஞ்சினேன் என்று நினைக்கிறாய்? ஒன்றையும் அல்ல. அவன் என் முன்னால் நின்று, "ஏன் அண்ணாச்சி?" என்று கேட்பானே, அந்த ஒரு கேள்வியை அஞ்சினேன். கேட்டால் நான் இளகிவிடுவேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு இரக்கம் என்று பெயர் சூட்டுவதில் வேதம் வாசிக்கிறவனுக்குப் பயிற்சி அதிகம்.

சனிக்கிழமை மாலை அவன் நம் வீட்டுக்கு வந்தான். ஜன்னல் வழியாக அவன் படியேறுவதைப் பார்த்துவிட்டு, உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உன் அம்மாவிடம் சொன்னேன்: "ஜெபத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிடு." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பொய்யா சொல்லச் சொல்றீங்க?" என்றாள். "கொஞ்ச நேரத்தில் ஜெபிக்கத்தான் போகிறேன்" என்றேன். அவள் போய்ச் சொன்னாள். நம் மக்களிடையே இதற்கு மேல் ஒரு பூட்டு கிடையாது. சாப்பிடுகிறவனைக் கூப்பிடலாம், தூங்குகிறவனை எழுப்பலாம்; ஜெபத்தில் இருக்கிறவனை யாரும் தட்ட மாட்டார்கள். அவன் வாசலில் நின்றான். வெகுநேரம் நின்றான். நான் உள்ளே மேசை விளக்கின் கீழ், மறுநாள் ஆராதனையில் வாசிப்பதற்காக, அவன் பெயர் இல்லாத பட்டியலை நல்ல கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து முத்துமுத்தாக வந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

எங்கள் வழக்கத்தை நீ பார்த்ததில்லை. இப்போது அது நின்றுபோயிற்று. ஃபைனலுக்கு முந்தின ஞாயிறு, பதினொரு சட்டைகளையும் மடித்து ஆலயத்தில் பீடத்தின் முன் மேசையில் வைப்போம். போதகர் ஜெபித்தபின், அறிவிப்புகளோடு சேர்த்துச் சபைச் செயலர் பெயர்களை வாசிப்பார். ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொள்வார்கள். முதல் பெயர் கேப்டனுடையது. அவனுடைய சட்டையை மட்டும் அவன் வாங்கக் கூடாது. அவனுடைய தாயோ மனைவியோ எழுந்துபோய் வாங்கி, சபையின் முன் அவனுடைய தோளில் போட வேண்டும். செயலரும் நான்தான், மேனேஜரும் நான்தான். திருமண அறிவிப்பு ஒன்றை வாசித்தேன். பிறகு பட்டியலை எடுத்தேன். பெண்கள் பக்கத்தில், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, ஞானப்பூ எழுந்துவிட்டார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புதுச் சேலை. மடிப்பின் கோடு கூடக் கலையவில்லை. நான் பார்த்தேன், மகனே. பார்த்தபின்னும் வாசித்தேன். "எட்வின்."

புதிய கேப்டன் அவன்தான் என்று எட்வினுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. அவன் இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் அசைந்தான். அவனுடைய மனைவி சட்டையை வாங்கப் போகும்போது ஞானப்பூவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஞானப்பூ உட்காரவில்லை. அடுத்த பெயரில் வரும் என்று நினைத்தாரோ, உட்காருவது எப்படி என்று தெரியவில்லையோ. பதினொரு பெயரும் முடியும்வரை நின்றார். தேவனுடைய ஆலயத்தில் அறிவிப்பின் நடுவே யாரும் எழுந்து கேள்வி கேட்பதில்லை. அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தேன். பதில் பேச வாயில்லாத இடத்தில் நின்று தீர்ப்புச் சொன்னேன். அதன்பின் அதே குரலில், அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கோழியும் காய்கறியும் கொண்டுவருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் சேர்க்க வேண்டும் என்று வாசித்தேன்.

ஃபைனலில் வென்றோம், ஒரே கோல். பொன்ராஜ் வந்திருந்தான். வேலைச் சட்டையோடு கோலுக்குப் பின்னால் நின்றான். இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்து கொடுத்தான். ஆட்டம் முடிந்ததும் "வாழ்த்துக்கள் சார்" என்றான். அன்றுமுதல் நான் சார். கோப்பையை முதலில் கேப்டன் வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். பாண்டு வாத்தியத்தோடு கிளம்பிய ஊர்வலம் லயத்து முக்கில் நின்றுவிட்டது. எந்தப் பக்கம் திரும்புவதென்று யாருக்கும் தெரியவில்லை. "எங்க வீட்டுக்கு வேண்டாம்" என்று எட்வின் சொல்லிவிட்டான். போகும் வீடு தெரியாத அந்தக் கோப்பை கடைசியில் நம் வீட்டு மேசைக்கு வந்தது. உன் அம்மா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். அடுத்த மாதமே பொன்ராஜைத் தொழிற்சாலையிலிருந்து மருந்தடிக்கும் கூட்டத்துக்கு மாற்றினார்கள். துரையிடம் நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த முழங்காலோடு சரிவில் நிற்க முடியாது என்பது என் ஒருவனுக்கே தெரியும். சொன்னால், நான் அறிந்தே செய்தது வெளியாகும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு கதவைச் சாத்தினவன் அதன்பின் எத்தனை கதவுகளைச் சாத்த வேண்டியிருக்கிறது பார். ஞானப்பூ எங்கள் ஆலயத்துக்குத் திரும்ப வரவேயில்லை. கீழே புதிதாக வந்த ஜெபக்கூடத்துக்குப் போகத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவர்கள் எஸ்டேட்டை விட்டே போய்விட்டார்கள்.

நீ பேசிய மறுநாள், புதன்கிழமை விடிந்ததும், கட்டப்பனை வழியாகப் பஸ் மாறி கம்பம்மெட்டுக்குப் போனேன். உன் அம்மா எங்கே என்று கேட்கவில்லை. குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள். பொன்ராஜ் அங்கே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஐம்பது வயது. இனி அவரை அவன் என்று எழுத என் பேனா ஒப்பவில்லை. உலர்த்தும் அறையின் சூட்டிலிருந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு கணம் அடையாளம் தெரியாமல் நின்றுவிட்டு, "சார், இம்புட்டுத் தூரமா? ஒரு போன் பண்ணிருந்தா நானே வந்திருப்பேம்லா" என்றார். சாக்கு மூட்டையின் மேல் துண்டை விரித்து என்னை உட்காரவைத்தார். அவர் உட்காரும்போது ஒரு காலை நீட்டியே உட்கார்ந்தார்.

உன் சிக்கலைச் சொன்னேன். பெயர் எதையும் சொல்லவில்லை. ஒரு கேப்டனை எப்படி எடுக்க வேண்டும் என்று, எடுக்கப்பட்ட கேப்டனிடம் கேட்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். "இதுக்கு என்னையவிட்டா வேற ஆளு கெடைக்கலியாக்கும்" என்றார். பிறகு கேட்டார்: "அன்னைக்கி சனிக்கெழம சாயங்காலம் நான் எதுக்கு வந்தேன்னு ஒங்களுக்குத் தெரியுமா சார்?" இல்லை என்றேன். என்னைக் கெஞ்சத்தான் வந்தார் என்று இருபத்தாறு ஆண்டுகளாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"முட்டில நீர் கட்டிருச்சு சார். எறக்கத்துல கால் வைக்க முடியல. எம்பேர எடுத்துருங்கன்னு சொல்லத்தான் வந்தேன். ஃபாக்டரி வேலை போயிராம தொரைட்ட ஒரு வார்த்த பேசுவீங்களான்னு கேக்கணும், அம்மாட்ட இத எப்படிச் சொல்லன்னும் கேக்கணும். நீங்க ஜெபத்துல இருக்கீங்கன்னு மதினி சொன்னாக. ஜெபத்துல இருக்கவங்களக் கூப்புடக் கூடாதுல்லா. நின்னு பாத்தேன். வெளக்கு எரிஞ்சுட்டே இருந்துச்சு." நீட்டிய காலைத் தடவிக்கொண்டார். "எனக்காகத்தான் இம்புட்டு நேரம் ஜெபிக்காகன்னு நெனச்சுட்டுப் போயிட்டேன்."

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொன்னேன். நல்ல கையெழுத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் உள்ளே போய் ஏலக்காய்த் தட்டுகளைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தார். "அம்மாட்ட நான் ராத்திரியே சொல்லிருக்கலாம். அண்ணாச்சி முடிவு சொல்லட்டும்னு இருந்துட்டேன். அந்தச் சேலைய அம்மா அதுக்கப்பறம் கட்டவே இல்ல, வெட்டி தங்கச்சிக்குப் பாவாடை தச்சுட்டாக" என்றார். அண்ணாச்சி என்ற சொல் அந்தப் பழைய ராத்திரியைச் சேர்ந்தது. இப்போது என்னை அழைத்தது அல்ல. ஞானப்பூ உயிரோடிருந்தால் அவரிடம் போயிருப்பேன். நான்கு ஆண்டு தாமதித்துவிட்டேன்.

ஆகையால் உனக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அவரைப் பட்டியலிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. பந்து போன பிறகு திரும்புகிறார் என்று கண்டது உன் கண். ஆனால் எடுப்பதாக இருந்தால், இக்கடிதம் கிடைத்த அன்றைக்கே அவருடைய வீட்டுக்குப் போ. மைதானத்தில் சொல்லாதே, அங்கே அவருக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடமிருக்காது. கமிட்டி முடிவு செய்தது என்று சொல்லாதே. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதே. என் பேத்தி உனக்குக் கேடயம் அன்று. போனதும் உன் முடிவைச் சொல்லிவிட்டு, பேசாமல் இரு. அவருக்கும் உன்னிடம் சொல்ல ஏதோ இருக்கலாம். உன்னைத் திட்டலாம், வெளியே போ என்னலாம். உன்னை ஊருக்குள் கொண்டுவந்ததைச் சொல்லிக் காட்டலாம். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் மேனேஜரின் வேலையில் யாரும் பார்க்காத பாதி. அவருக்குப் பதிலாக யார் கையில் கேப்டனின் பட்டையைக் கட்டப்போகிறாயோ, அவனிடமும் முன்கூட்டியே சொல். எட்வின் அந்த ஆட்டத்துக்குப்பின் எந்த அணிக்கும் கேப்டனாக இருக்க ஒப்பவில்லை.

இதை ஒரு சபை மூப்பன் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். போவதற்கு முன் ஜெபித்துக்கொண்டு உட்காராதே. போய்வந்து ஜெபி. நம்மைப் போன்றவர்களுக்கு ஜெபம் எளிதில் ஒளியுமிடம் ஆகிவிடுகிறது. கர்த்தர் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார் என்று எண்ணி நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவர் அன்றைக்கு முழங்கால் வலியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

இப்படிச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அவர் போய்விடலாம், மைத்துனர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஞாயிற்றுக்கிழமை தோற்றுப்போகலாம், திங்கட்கிழமை கமிட்டி உனக்கு வெளியே போகும் வழியைக் காட்டலாம். நீ நிற்கும் இடம் குறுகியது. அதை அகலப்படுத்த என்னால் முடியாது. பொன்ராஜிடம் கடைசியாக இதைத்தான் கேட்டேன்: நேரில் சொல்லியிருந்தால் உமக்கு வலித்திருக்காதா என்று. "வலிக்காம இருக்குமா சார்? ஆனா நீங்க எடுத்தது சரிதான். எறக்கி விட்டிருந்தீங்கன்னா இந்தக் காலும் இருந்திருக்காது" என்றார். "மகன்ட்ட சொல்லுங்க, எடுக்கணும்னா எடுக்கட்டும். ஆனா வீட்டுல போயி சொல்லட்டும். அடிச்சாலும் வாங்கிக்கிடட்டும்."

நான் சபையின் முன் செய்ததைச் சபையின் முன் சொல்வதே முறை. ஆகவே இக்கடிதம் திறந்த கடிதம். உன் அணியின் பெயரும் கேப்டனின் பெயரும் இதில் இல்லாததற்குக் காரணம் அதுவே. உனக்கான பிரதியை இன்று உன் தங்கை போனில் படமெடுத்து அனுப்புவாள். நம் சபை மலரில் இது அடுத்த மாதம் வரும். பொன்ராஜிடம் அனுமதி கேட்டேன். "போடுங்க, எம்பேரையும் போட்டே எழுதுங்க" என்றார். பஸ் வரைக்கும் கூட நடந்து வந்தவர், இறக்கத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாகக் கால் வைத்தபடி சொன்னார்: "ஒண்ணு சார். இந்தத் தடவையாவது, வாசிக்கிறதுக்கு மின்னாடி லிஸ்ட்ட எங்கிட்டக் காட்டிருங்க." நாளை காலைப் பஸ்ஸில் இந்தக் கடிதத்தோடு மறுபடியும் கம்பம்மெட்டுக்குப் போகிறேன்.

என் மகனே, உன் காலையும் உன் கையில் ஒப்புவிக்கப்பட்ட கால்கள் அனைத்தையும் கர்த்தர் காப்பாராக. உன் மனைவிக்குப் பொறுமையும், என் பேத்திக்கு நீண்ட ஆயுளும், உன் மேசைக்குக் குறையாத உணவும் அருளப்படுவதாக. நீ வென்று வந்தாலும் தோற்று வந்தாலும் உன் வீட்டார் உன் முகத்தைப் பார்த்து மகிழ்வார்களாக. இதை வாசிக்கிற எல்லாருடைய வீட்டிலும் சமாதானம் தங்குவதாக. உன் வாசலில் வந்து நிற்கிற எவனுக்கும், நீ ஜெபத்தில் இருக்கிறாய் என்ற பதில் ஒருநாளும் கிடையாதிருப்பதாக. ஆமென்.

உன் அப்பா